வெள்ளிக்கிழமைவரை சொல்லக்கூடாது

மார்ச் 4, திங்கள்

இன்று உயரமான டம்ளரும் அகலமான கிண்ணமும். ஒரே கப்பால் அளந்து, அவர்கள் கண் முன்னாலேயே இரண்டிலும் தண்ணீர் ஊற்றினேன். எதில் அதிகம் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்பு முழுவதும் டம்ளரைக் காட்டுகிறது. "ஒரே கப்பாலதானே ஊத்தினேன்?" "ஆமா டீச்சர். ஆனா டம்ளர்லதான் அதிகம்." ஆறு வயதில் கண் சொல்வதுதான் தீர்ப்பு. திரும்ப ஊற்றி, திரும்ப அளந்து, தரையெல்லாம் ஈரம். முன்வரிசைப் பையன் ஒருவன் என் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், "ரெண்டும் சமம்தான் டீச்சர்" என்றான். அவன் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "பாத்துச் சொல்லு. ஆசைப்பட்டுச் சொல்லாத" என்றேன். இந்த வருடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஏன்குட்டி மட்டும் விடவில்லை. தையல்கடைக்காரரின் மகள். வாயைத் திறந்தால் 'ஏன்' என்பதால் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன், இப்போது வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது. "ஏன் டீச்சர் டம்ளர் பொய் சொல்லுது?" டம்ளர் பொய் சொல்லவில்லை, நம் கண்தான் அவசரப்படுகிறது என்றேன். "கண்ணு ஏன் அவசரப்படுது?" நல்லவேளை, மணி அடித்தது.

ஈரத்தில் கால் வைக்காமல் ஓரமாக நடந்து பெரிய டீச்சர் வந்தார். எங்கள் தலைமையாசிரியை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். மாதக் கடைசியில் ஒன்றாம் வகுப்புக்கு அவரே வாய்மொழித் தேர்வு வைக்கப் போகிறார். பதில் சொல்லாத பிள்ளைகள் பின்வகுப்புக்கு. அது வராந்தாவின் கடைசி அறை. அங்கே போன பிள்ளை எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. "உங்க தண்ணி, விதை, தராசு எல்லாம் அதுவரைக்கும்தான். எத்தனை பேர் தேறுறாங்கன்னு பாப்போம்" என்றார். தேறாவிட்டால் வகுப்பு வேறு ஆளுக்கு, புத்தகம் மட்டும். சரி என்று தலையாட்டிவிட்டுத் தரையைத் துடைத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

கழித்தல். வகுப்பில் மூன்று பேர் அழுதார்கள், அதில் ஒருத்தி நான் என்று வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 8, வெள்ளி

நல்ல நாள். இப்படி ஒரு நாளுக்காகத்தான் மானம் போனாலும் பரவாயில்லை என்று இந்த வேலையில் இருக்கிறேன்.

விதை முளைக்கத் தண்ணீர் வேண்டுமா? வேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். எப்படித் தெரியும்? ஒரு பையன், "ஒண்ண அலமாரிக்குள்ள வச்சு தண்ணி ஊத்தலாம், இன்னொண்ண மொட்டை மாடில சும்மா போடலாம்" என்றான். அலமாரியில் இருந்தது முளைத்தால் அது தண்ணீராலா, இருட்டாலா என்று கேட்டேன். சண்டையே வந்துவிட்டது. ஏன்குட்டி எழுந்து பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "ரெண்டு இடமும் ஒரே மாதிரி இருக்கணும். தண்ணி மட்டும்தான் வேற." எனக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பதைப் பெரியவர்களுக்கே சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை.

ஆளுக்கு இரண்டு பயறு கொடுத்தேன். இருட்டாக, கதகதப்பாக, ஒரே மாதிரியான இரண்டு இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தினமும் கொஞ்சம் தண்ணீர். போன வாரம் முதல் வரிசை பூனை வரைந்தது என்பதற்காக வகுப்பே பூனை வரைந்தது ஞாபகம் வந்தது. காப்பியடிக்கக் கூடாதே என்று, "எங்க வச்சிருக்கோம்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அம்மா அப்பாகிட்டகூட. அடுத்த வெள்ளிக்கிழமை இங்க வந்துதான் சொல்லணும்" என்றேன். ரகசியம் என்றதும் கண்கள் எல்லாம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

மார்ச் 11, திங்கள்

ரகசியம் தாங்காமல் வகுப்பு நெளிகிறது. ஒருவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இன்னொருத்தி, "டீச்சர், எங்க வீட்டு அலமாரியில ஒண்ணுமே இல்லை" என்று தானாக வந்து சொன்னாள்.

ஏன்குட்டி இன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாடம் சீக்கிரம் முடிந்தது. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்று இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

பெரிய டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பின்னால் நின்றபடி ஒவ்வொருவராகக் கேட்டார். ஏன்குட்டியின் முறை. "ஏழோட மூணு சேத்தா?" அவள் திரும்பவே இல்லை. பக்கத்துப் பிள்ளை இடித்ததும் எழுந்து நின்று திருதிருவென்று விழித்தாள். தூக்கத்தில் கேட்டாலும் பத்து என்று சொல்கிறவள்! வகுப்பு சிரித்தது. "இவதான் உங்க கெட்டிக்காரியா?" என்றார் பெரிய டீச்சர். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தை அவள் மேல் காட்டினேன். கவனம் எங்கே இருக்கிறது, வேண்டுமென்றே செய்கிறாயா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வாசலில் அவள் அப்பாவைப் பிடித்தேன். "வீட்லயும் அப்படித்தான் டீச்சர். கூப்பிட்டா திரும்புறதில்ல. தம்பி பொறந்ததுலேருந்து மேடத்துக்கு ரோஷம்" என்றார். அவள் இடது கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றாள். பல் வலிக்குதா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர்." ஒரு சிரிப்பு வேறு.

ஆசிரியர் அறையில் பெரிய டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "அவள இப்பவே பின்வகுப்புல போட்டா அவளுக்கும் நல்லது. தாங்காத பிள்ளை மேல பாரம் ஏத்தாதீங்க."

வீட்டில் பாத்திரங்கள்தான் என் கையில் மாட்டிக்கொண்டு பாடுபட்டன. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "வண்டி நின்னா நாங்க முதல்ல வண்டிய திட்டுறதில்ல" என்றார். உங்களை யார் கேட்டது என்றேன். ஆனால் இப்போது எழுதும்போது உறைக்கிறது. நான் திட்டியபோது அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். ஏன் வாயை?

மார்ச் 13, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் எல்லோரும் கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் போய்த் தகர மூடியைத் தரையில் போட்டேன். வகுப்பே துள்ளியது. ஏன்குட்டி அடுத்த கல்லை எடுத்து வைத்தாள். ஒரு முறை போதாது என்று மறுபடியும் போட்டேன். அதே கதைதான். அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே தையல்கடைக்குப் போனேன். அவள் அப்பா கழுத்தில் டேப்பும் சட்டையில் குத்திய ஊசிகளுமாக அப்படியே கிளம்பினார். அடுத்த தெருவில் ஒரு சின்ன கிளினிக். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு, காதுதான் கேட்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேனாம்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது காதைத் தொட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. "உள்ள வீங்கியிருக்கு. ரெண்டுலயும் அழுக்கு அடைச்சிருக்கு. தண்ணி அடிச்சு எடுத்துடலாம்" என்றார். நர்ஸ் வெந்நீரும் பெரிய சிரிஞ்சும் கொண்டுவந்தார். ஏன்குட்டி அதைப் பார்த்தாள். பயப்படவில்லை. வலிக்கிற இடது காதைத் தானாகவே திருப்பிக் காட்டினாள். "நல்ல காதுலேருந்து ஆரம்பிப்போம், பழகிடும்" என்று நர்ஸ் வலது பக்கம் போனார்.

அவ்வளவுதான். இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். "இதுல ஊத்தக்கூடாது. இதுல தண்ணி ஊத்தவே கூடாது."

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கைய எடு. எடுக்கிறியா இல்லையா?" அடிக்கக் கை ஓங்கினார். நான் குறுக்கே போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன். வலிக்கிற காதைக் கொடுக்கிறாள், வலிக்காத காதை விடமாட்டேன் என்கிறாள். எந்தப் பிள்ளை இப்படிச் செய்யும்?

"ஏன்டா கண்ணு ஊத்தக்கூடாது?"

என் உதட்டைப் படித்தாள். "வெள்ளிக்கிழமை சொல்றேன்."

இருட்டு. கதகதப்பு. ஒரே மாதிரி ரெண்டு இடம் — ஐயோ, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்?

நர்ஸின் கையைப் பிடித்துவிட்டேன். "ஊத்தாதீங்க. உள்ள பயறு இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"நான்தான் குடுத்தேன்."

அவளே சொன்னால்தான் நிச்சயம் என்றார் அவர். நான் அவள் முன் மண்டியிட்டு, ஒவ்வொரு சொல்லாக வாயை அசைத்துச் சொன்னேன். "சோதனை முடிஞ்சிருச்சு. இப்பவே சொல்லலாம்."

"இன்னைக்கு புதன்."

"பரவாயில்ல. அப்பாகிட்ட சொல்லலாம். டாக்டர்கிட்ட சொல்லலாம். டீச்சர் சொல்றேன்ல?"

யோசித்தாள். எவ்வளவு நேரம் யோசித்தாள்! பிறகு இடது காதைத் தொட்டாள். "இது தண்ணி. தினம் குளிக்கும்போது விரல்ல எடுத்து விட்டேன்." வலது காதைத் தொட்டாள். "இது தண்ணி இல்லை. ரெண்டும் ஒரே மாதிரி இடம் டீச்சர்."

சொல்லிவிட்டு, வகுப்பில் பதில் சொன்னதும் நிற்பது போலவே என்னைப் பார்த்து நின்றாள். 'வெரிகுட்' என்று சொல்லப் பழகிய நாக்கு இது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பயறு ஏற்கெனவே ஊறிப் பருத்திருக்கிறது, இன்னும் தண்ணீர் அடித்திருந்தால் மேலும் இறுகி விபரீதமாகியிருக்கும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் டாக்டர். வண்டியில் அவள் அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு, சட்டையில் இருந்த ஊசிகள் அவள் மேல் குத்தாமல் ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 14, வியாழன்

மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். வலது காதில் இருந்தது லேசாக வந்துவிட்டது. இடது காதில் இருந்தது முளைவிட்டிருந்தது. செவிப்பறையில் சின்னக் கிழிசல். தானாக மூடிக்கொள்ளலாம், கேட்கும் திறன் முழுதாக வரலாம், வராமலும் போகலாம். பல வாரம் பொறுத்து மெஷினில் பரிசோதிப்பார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அப்பா முதல் முறையாகப் பேசினார். "காதுல என்னம்மான்னு நான் கேட்டேன் டீச்சர். எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கே இல்ல. ஒண்ணுமில்லப்பான்னு சிரிச்சா. அப்பன்கிட்டயே சொல்லாம எதுக்கு சிரிச்சான்னு இப்பத்தான் தெரியுது." பிறகு சொன்னார்: "விதை குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சொல்லாதன்னு சொன்னீங்க பாருங்க."

மன்னிச்சிருங்க என்றேன். அவர் எழுந்து வார்டுக்குள் போனார்.

மார்ச் 15, வெள்ளி

வகுப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் மூக்கிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர்களுக்கு ஒரே குஷி. பிறகு எல்லோரும் சொன்னார்கள். அப்பாவின் இரண்டு ஷூக்கள். தலையணை உறையின் இரண்டு மூலைகள். ஒரு சட்டையின் இரண்டு பைகள். ஒருத்தி ஒன்றை அலமாரியிலும் ஒன்றை வாசலிலும் வைத்திருந்தாள், இரண்டும் அவளுக்குப் பிடித்த இடங்களாம். "ஏன்குட்டி எங்க வச்சா?" என்று கேட்டார்கள். அவள் வந்து சொல்வாள் என்றேன்.

பெரிய டீச்சர் அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அது பரவாயில்லை என்று ஆகிவிட்டது. "பிள்ளைங்க நம்ம பேச்ச கேக்கலன்னு நாம புலம்புறோம். இந்தப் பிள்ளை நீங்க சொன்னத அப்படியே கேட்டிருக்கு. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றார். ஏப்ரலிலிருந்து எனக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நான் வாதாடவில்லை.

பிறகு ஏன்குட்டியைப் பற்றிச் சொன்னார். தேர்வன்று காது சரியாகக் கேட்காவிட்டால் பின்வகுப்புதான், அங்கே கூட்டம் குறைவு, பக்கத்தில் வைத்துச் சொல்லித் தரலாம் என்று. அங்கே என் வாய் நிற்கவில்லை. "காது மந்தமா இருந்தா மூளையும் மந்தமா? என் தப்புக்கு அவள ஏன் அந்த ரூமுக்கு அனுப்புறீங்க?" என்னை வேண்டுமானால் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவ சாத்திட்டுப் போங்க."

மார்ச் 19, செவ்வாய்

தையல்கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோழை.

மார்ச் 22, வெள்ளி

இன்று போனேன். அவள் துணி வெட்டும் மேஜை மேல், காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"டீச்சர், எது முளைச்சுது?"

அவளிடம் யாருமே சொல்லவில்லை! அவ்வளவு வலியைத் தாங்கியவளுக்கு முடிவு என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தூக்கி எறிந்துவிட்டார்கள், நாங்கள் அழுதுவிட்டு மறந்துவிட்டோம். "தண்ணி விட்டது" என்றேன். "அப்ப தண்ணிதான்" என்று தலையாட்டினாள். தையல் மெஷின் நின்றுவிட்டது.

"இந்தக் காது எப்ப கேக்கும்?"

"தெரியாதுடா."

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஆனால் இனி இவளிடம் எதையும் தனியாகச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். என் கைக்கடிகாரம் டிக் டிக் என்று நன்றாகச் சத்தம் போடும். கண்ணை மூடி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார வேண்டும். தூரத்திலிருந்து கடிகாரத்தை மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தால், எங்கே வரும்போது கேட்கிறது என்று பார்க்கலாம். காதுக்குள் எதுவும் போகாது, கடிகாரம் காதைத் தொடவும் தொடாது.

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து நீட்டினார். "அளக்கணும்னா அளங்க. என் கண் முன்னால."

வலது காதுக்கு டேப்பில் பாதிக்கு மேல் வந்தது. அந்த இடத்தில் அவரே சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டார். இடது காதுக்குக் கடிகாரம் கிட்டத்தட்டக் காதோடு ஒட்டிய பிறகுதான், "வருது" என்றாள். அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு. அந்தச் சின்னத் தூரத்தை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள்தான் பேசினாள். "ஏன் இதுக்கு நூல் போடலப்பா?"

"இது நகரும்மா" என்றார் அவர். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 28, வியாழன்

வாய்மொழித் தேர்வு. ஏன்குட்டி வலது காதோடு போனாள். நான் வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். அறைக்கதவு திறந்தே இருந்தது. பெரிய டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய வலது பக்கம் போட்டு உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கேள்விகள் எனக்குக் கேட்கவில்லை. அவள் பதில்கள் கேட்டன, எல்லாம் சரி. கடைசியில் ஒன்று மட்டும் பதில் இல்லை: "பெரிய டீச்சர், நீங்க ஏன் எப்பவும் மெதுவாவே பேசறீங்க?"

வெளியே வந்த பெரிய டீச்சர், "அவ இங்கயே இருக்கட்டும். இடது பக்கம் சுவர் வர்ற மாதிரி முன்வரிசையில உக்கார வைக்கச் சொல்றேன், புது டீச்சர்கிட்ட" என்றார். இனி அவள் டீச்சர் நான் இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. அழுதேன்.

ஏப்ரல் 1, திங்கள்

ஐந்தாம் வகுப்பு. பின்னங்கள். நாள் முழுக்க ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

சாப்பாட்டு மணி அடித்ததும் என் அறை வாசலில் ஏன்குட்டி. கையில் சுருட்டிய டேப், ஒரு துண்டு சாக்கட்டி. பின்னாலேயே அவள் அப்பா. சாப்பாடு கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். அளந்தோம். கோடு நகரவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குப் பாப்போம்" என்றேன். "நாளைக்கும் இதே வாட்ச்தானே? மாத்தக்கூடாது" என்றாள்.

புது வாட்ச் வாங்கித் தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

நகர்ந்திருக்கிறது. ஒரு விரல்கடை. என் கை நடுக்கமா, நிஜமா? மூன்று முறை அளந்தோம். நிஜம்.

ஏப்ரல் 19, வெள்ளி

டாக்டரின் மெஷினுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஒரு வாரமாகக் கோடு தினமும் நூலை நோக்கி வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கள் டேப்போடு உட்கார்ந்தோம். ஏன்குட்டி கண்ணை மூடிக்கொண்டாள், வலது காதை அப்பா பொத்திக்கொண்டார். டேப்பின் மறுமுனையிலிருந்து கடிகாரத்தை மெல்ல நகர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் வாயில் விரல் வைத்து மற்றவர்களை அடக்கினான்.

"கேக்குது."

டேப்பைப் பார்த்தேன். சிவப்பு நூல் என் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. என் கண் மறைத்தது. "தொட்டிருச்சு" என்றேன். "நூலைத் தொட்டிருச்சுடா. ரெண்டும் சமம்." அவள் அப்பா முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டார்.

ஏன்குட்டி கண்ணைத் திறந்தாள். என் கையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு டேப்பில் மூக்கு படும்படி குனிந்தாள். கடிகாரத்துக்கும் நூலுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை வைத்தாள். விரல் சரியாக உள்ளே போனது.

"இன்னும் இவ்வளவு இருக்கு. பாத்துச் சொல்லுங்க டீச்சர். ஆசைப்பட்டுச் சொல்லாதீங்க."

சாக்கட்டியை வாங்கி, கடிகாரம் இருந்த இடத்திலேயே கோடு போட்டேன்.